பூமணியக்காவின் டிரக்டர் புகைச் சோதனைக்குப் போன நாள்

“…அவுக்க மாட்டன் எண்டா அவுக்க மாட்டன், தம்பி! இந்தப் புகைக்காரர் இண்டைக்கு வருவார், நாளைக்குப் போவார். அம்மாள்ட பட்ட அவுத்துப்போட்டு, மறுகா மழைக்கு நான் ஆரிட்டப் போய் நிக்கிற?”

பூமணியக்கா இதைச் சொன்னது கோயில் வாசலில் அல்ல. மட்டக்களப்பு நகரத்தின் ஓரத்தில், வாவியைப் பார்த்த ஒரு வெறுங்காணியில். எதிரே வாகனங்களின் புகையை அளக்க வந்த வேன். பக்கத்தில் அவருடைய சிவப்பு டிரக்டர். வரிசையில் காத்துக்கிடந்த வாகனக்காரர் எல்லோரும் எங்களைச் சுற்றி நின்றார்கள். எல்லார் முகத்திலும் கரி. அந்தக் கரியை ஊற்றியது எங்கள் டிரக்டர்தான்.

அந்த எஞ்சினை மூன்று கிழமையாகக் கழற்றிப் பூட்டியவன் நான். “புகை எண்ட பேச்சே இருக்காது அக்கா” என்று வாக்கும் கொடுத்திருந்தேன். ஆகவே மற்றவர்களைவிட என் முகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே கரி.

பூமணியக்கா அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் தனியாக இருந்து சிரிப்பேன். அதைச் சொல்வதற்கு, கொஞ்சம் பின்னால் போய் வரவேண்டும்.

மூச்சையும் செக் பண்ணினார்கள்

சண்டை ஓய்ந்து ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருக்கும். புதுத் தார் ரோட்டு வந்தது, புது வங்கி வந்தது, அவற்றின் பின்னாலேயே ஒரு புதுக் கதையும் வந்தது. வாகனங்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை புகை அளக்க வேண்டுமாம். புகைத் தாள் இல்லாவிட்டால் அடுத்த வருட லைசன் இல்லையாம்.

என் கராஜுக்கு வரும் லொறிக்காரர் ஒருவர் சொன்னார்: “முந்தி பையச் செக் பண்ணினாங்க. பிறகு மடியச் செக் பண்ணினாங்க. இப்ப வண்டி விடுற மூச்சையும் செக் பண்ணுறாங்க.” நான் அதை உடனே கொப்பியில் எழுதி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் நான் எழுதியதைவிட, சனம் சொல்லக் கேட்டு எழுதியதுதான் அதிகம்.

வயல் உழும் டிரக்டருக்கும் அந்தத் தாள் வேண்டுமா என்று அந்த வருடம் எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு மேசையில் கேட்டால் அடுத்த மேசையைக் காட்டினார்கள். அடுத்த மேசையில் இருந்தவர், “எதுக்கும் எடுத்து வையுங்க” என்றார்.

பூமணியக்காவுக்கு அந்த ‘எதுக்கும்’ பெரிய விசயம். கரடியனாற்றுப் பக்கம் அவர் உழும் வயற்பரப்பை வட்டை என்போம். அந்த வட்டை பெரிய ரோட்டின் இரண்டு பக்கமும் கிடந்தது. லைசன் இல்லாமல் ரோட்டைக் கடந்தால் மறிப்பார்கள்.

கடைசிச் சண்டைக்கு இடம்பெயர்ந்த சனம் அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. மாடுகள் போன இடம் தெரியாது. அந்த வட்டையில் ஓடக்கூடிய டிரக்டர் ஒன்றே ஒன்று, அது பூமணியக்காவுடையது.

எங்கள் பக்கத்தில் மாரி மழைக்கு முன்னமே காய்ந்த மண்ணை உழுது, அந்தப் புழுதியில் நெல்லை எறிந்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். புழுதி விதைப்பு என்று அதற்குப் பேர். மழை முந்திவிட்டால் எல்லாம் சேறு; அந்தப் போகம் பிந்தும், சில வேளை தவறும். வருடக் கணக்காக விதைக்காத சனத்துக்கு அது முதல் விதைப்பு. கச்சான் காற்று விழுந்து, மேற்கில் முகில் தலைகாட்டத் தொடங்கியிருந்தது.

தன்னுடைய எச்சில்

புகையைப் பற்றி நான் படித்தது சுனாமிக் கடல் வந்து போன பிறகு.

எங்கள் வீட்டில் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் எல்லாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் என்ன கதைப்பது என்று தெரியாத அந்த நாட்களில், நாவற்குடாவில் என் வளவுக்குள் கடல் குடித்த எஞ்சின்களைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். வள்ளத்து எஞ்சின், தண்ணீர்ப் பம்பு, டிரக்டர். உள்ளே உப்பும் மணலும். ஒன்றுக்குள் உயிரோடு ஒரு நண்டு. திறந்து, கழுவி, பூட்டி, திறந்து, கழுவி, பூட்டி, அப்படித்தான் நான் எஞ்சின் படித்தேன்.

அப்போது உதவிக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் மூன்று மாதம் என்னோடு வேலை செய்தார். அவருடைய ஊரில் டிரக்டர் திருத்துகிறவர். வாசல் நிலையில் தலை இடிக்காமல் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பேர் நெட்டையர்.

ஒருநாள் அவர் ஆணியால் மணலில் கீறிக் காட்டினார், அவர்களுடைய நாட்டில் எஞ்சின்கள் எப்படிப் புகைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழப்போகின்றன என்று. சில லொறிகளில் வந்துவிட்டது, டிரக்டருக்கும் வருகிறது என்றார். டீசல் தெளிக்கும் நோசிலைக் கழுவ வந்த பூமணியக்காவும் குந்தியிருந்து கேட்டார். என் அரைகுறை இங்கிலீசில் நான்தான் மொழிபெயர்ப்பு.

“அக்கா, டீசலை மயிரைவிட மெல்லிய ஓட்டையால, பெரிய அமுக்கத்தில, பனி மாதிரி அடிக்கிறாங்களாம். எப்ப அடிக்கிற, எவ்வளவு அடிக்கிற எண்டு ஒரு கம்பியூட்டர் சொல்லுமாம். அப்பிடி அடிச்சா நல்லா எரிஞ்சு கரி குறையுமாம்.”

“நல்லது.”

“ஆனா நெருப்புக் கடுமையா எரிஞ்சா, கண்ணுக்குத் தெரியாத வேற ஒரு நஞ்சு வருமாம். அதுக்கு, விட்ட புகையில கொஞ்சத்தப் பிடிச்சு, ஆற வைச்சுத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே விடுறாங்களாம். நெருப்பு அடங்குமாம்.”

“சீ! தன்ட எச்சிலத் தானே திங்கிற எஞ்சினா?”

நெட்டையருக்கு அதை நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்த சிரிப்பில் எழுந்து நின்று, கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

பிறகு கரி வடி. புகைக்குழாயில் தேயிலை வடி மாதிரி ஒன்று, கரியைப் பிடித்து வைக்கும். நிறைந்தால் சூடேறித் தானே எரித்துக்கொள்ளும். “எங்கட ஊர்க் குப்பைக் கிடங்கவிட அதுக்குப் புத்தி கூட” என்றார் பூமணியக்கா.

கடைசியாக நெட்டையர் கீறியது ஒரு சின்னத் தாங்கி. அதற்குள் யூரியாத் தண்ணீர். புகைக்குழாயில் அதைத் தெளித்தால், அந்தக் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு செத்துப்போகும்.

நான் மொழிபெயர்க்கவே தேவையிருக்கவில்லை. யூரியா என்றால் எங்களுக்குத் தெரியாதா? வயலுக்கு ஒரு மூட்டை கொண்டுபோக எத்தனை தடைமுகாமில் எத்தனை பதில் சொல்லியிருக்கிறோம்! அதில் வெடி செய்வார்கள் என்று ஒரு காலம் விடவே மாட்டார்கள்.

பூமணியக்கா அந்தக் கீறலை விரலால் காட்டினார். “தம்பி, இவரிட்டச் சொல்லு. இஞ்ச வயல் பசியில கிடந்து கேட்டே யூரியா விடேல்ல. எஞ்சின் குடிக்கக் கேக்குதெண்டு சொன்னா, எஞ்சினையும் என்னையும் சேத்தெல்லோ உள்ள போட்டிருப்பாங்க!”

இளைப்பாறுதல்

எங்கள் பழைய எஞ்சின்களில் அந்த வடியும் இல்லை, கம்பியூட்டரும் இல்லை. நெட்டையர் அதற்கு ஒரு விதிதான் சொன்னார்: கறுப்புப் புகை என்றால் தீன் கூட, மூச்சுக் குறைவு. டீசல் அளவோடு போகவேண்டும், காற்றுத் தாராளமாகப் போகவேண்டும். அவ்வளவுதான்.

பூமணியக்காவின் எஞ்சினுக்கு இரண்டுமே பிழையாகிப் போயிருந்தது. டீசல் விடாத வருடங்களில் அது மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்து குடித்து ஓடியது. நோசில் எல்லாம் தேய்ந்து, தெளிக்கிறதை விட்டு ஒழுகியது. பெலம் காணாதென்று பம்பில் இருக்கும் தீன் ஆணியை ஆர் ஆரோ திறந்து திறந்து விட்டிருந்தார்கள். காற்று வடியும் புழுதியில் அடைத்துக் கிடந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் களவெட்டியில், அதாவது நெல்லுச் சூடு அடிக்கிற களத்தில், அபசகுனமான சொல் பேசமாட்டார்கள். ‘முடிந்தது’ என்றோ ‘இல்லை’ என்றோ வாயில் வராது. பூமணியக்கா அதை டிரக்டருக்கும் கடைப்பிடித்தார். ‘பழுது’, ‘நின்றுபோச்சு’ என்று அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை.

இடம்பெயர்ந்து திரும்பி வந்த கிழமை எனக்குப் போன் எடுத்தார். “தம்பி, மிசின் கொஞ்சம் இளைப்பாறுது. வந்து பாருங்க.”

ஏதோ டீசல் வடி அடைத்திருக்கும் என்று ஒரு ஸ்பானர் சாவிப் பையோடு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் நாலு சில்லும் இல்லை. பற்றரி இல்லை. சீற் இல்லை. புகைக்குழாய்க்குள் தேன்கூடு. கருவிப் பெட்டிக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

“அக்கா, இதா இளைப்பாறுற?”

“பின்ன? குஞ்சும் பொரிக்கப்போகுது.”

அந்த எஞ்சினைத்தான், கண்ட கண்ட இடமெல்லாம் அலைந்து சாமான் சேர்த்து, மூன்று கிழமையில் எழுப்பினேன். நோசில் புதுசு. காற்று வடிக்குப் புது எண்ணெய். தீன் ஆணியை அளவுக்கு இறுக்கினபோது அக்கா முகம் கோணினார்: “பெலம் போயிடும் தம்பி.”

“கூடத் திண்டவன்ட பெலம் வயித்திலதான் அக்கா, கையில இல்ல.”

ஓடவிட்டுப் பார்த்தோம். புகைக்குழாய்க்கு மேல் வெள்ளைத் துணி பிடித்தேன். துணி கொஞ்சம் சாம்பல் பூத்தது, அவ்வளவுதான். அப்போதுதான் அந்த வாக்கைக் கொடுத்தேன். கூடவே இதையும் சொன்னேன்: “வாற கிழமை நேர டவுனுக்கு வாங்க. நான் அங்க நிக்கிறன். கலப்பை கிலப்பை ஒண்டும் வேணாம்.”

சூளை

அவர் வந்த வரத்தைப் பார்க்கவேண்டும்! தூரத்தில் தேர் வருகிறதென்றே நினைத்தேன். முன்னுக்குக் குருத்தோலை, இரண்டு பக்கமும் வேப்பிலை, பொனற்றுக்கு மேல் பூமாலைக்கு மேல் பூமாலை. பின்னுக்குக் கலப்பை.

“கலப்பை வேணாமெண்டு சொன்னனே அக்கா.”

“அரசாங்கத்துக்குக் காட்டக்குள்ள முழுசாக் காட்ட வேணும். ஒண்ட விட்டுட்டு வந்தா, அத எங்க ஒளிச்சு வைச்சிரிக்காய் எண்டு கேப்பாங்க.”

இத்தனை வருடம் தடைமுகாமில் நின்ற ஆளுக்கு அதுதான் பாடம்.

“வழியெல்லாம் மிசின் கொஞ்சம் இளைச்சு இளைச்சுத்தான் வந்த” என்றார். கலப்பைப் பாரம் என்று நினைத்துவிட்டேன்.

புகை அளந்தவர் ஏறாவூர் றபீக் காக்கா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். தடித்த கண்ணாடி, மெல்லிய பேச்சு. காருக்குப் பின்னால் குனிந்து குழாய்க்குள் புகை அளக்கும் கம்பி வைத்துப் பழகிய மனிசன், எங்கள் டிரக்டரின் புகைக்குழாய் வானத்தைப் பார்த்து நிற்பதைக் கண்டு ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு கம்பியை ஒரு கம்பில் கட்டி, சில்லில் ஏறி நின்று குழாய்க்குள் விட்டார்.

“அக்கா, நான் சொன்ன உடன அடிமட்டும் மிதிக்கணும். பிறகு விடணும். மறுகா மிதிக்கணும். சரியா? மிதிங்க!”

அக்கா மிதித்தார்.

நான் எத்தனையோ புகை பார்த்தவன். அப்படி ஒன்று பார்த்ததில்லை. ஆயிரம் காகம் ஒன்றாக எழும்பின மாதிரி ஒரு கறுப்பு. அது நேரே மேலே போய், காற்றுக்குத் திரும்பி, வரிசை முழுக்க இறங்கியது. மோட்டார்சைக்கிளோடு நின்ற ஒரு வாத்தியாரின் வெள்ளைச் சேட்டு அங்கேயே நிறம் மாறியது. றபீக் காக்காவின் கண்ணாடியில் இரண்டு கறுப்பு வட்டம்.

“அக்கா, இது டிரக்டரா, சூளையா?” என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றாமலே.

திரும்ப மிதித்தோம். முதல் வந்தது கொஞ்சம் பரவாயில்லை என்று நினைக்கவைத்தது இரண்டாவது. திரையில் வந்த இலக்கத்தை றபீக் காக்கா எனக்கு வாசிக்கவில்லை. துக்க வீட்டில் கை கொடுக்கிற மாதிரி என் தோளைத் தட்டினார்.

நோசில் புதுசு. தீன் அளவு. அப்படியென்றால் மூச்சு! மாலைகளை அள்ளி எறிந்தேன். பொனற்றுக்கு மேலே குடை மாதிரி ஒரு மூடியோடு நீட்டி நிற்கும், காற்று உள்ளே போகிற வாய். அது கண்ணில் படவேயில்லை. அதைச் சுற்றி ஏழு சுற்று, இறுக்கமாக, அரக்குச் சிவப்பில் ஒரு பட்டு.

“இதாரு அக்கா கட்டின?”

“நான்தான். தலையெல்லோ அது?”

“தலையில்ல அக்கா! மூக்கு! மூக்கப் பொத்திக் கட்டிரிக்கீங்க!”

வரிசை வெடித்துச் சிரித்தது. சேட்டுப் போன வாத்தியாரும் சிரித்தார். “மூக்கப் பொத்திப்போட்டு ஓடச் சொன்னா நானும் இந்தக் கறுப்புத்தான் போவன்” என்றார் ஒரு லொறிக்காரர். கரடியனாற்றிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டே வந்த அந்த எஞ்சினை நினைக்க எனக்கே பாவமாக இருந்தது.

“அவுத்தாச் சரி. அவுங்க அக்கா.”

அப்போதுதான் பூமணியக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அம்மாளின் கட்டு

அது கண்ணகை அம்மன் சடங்கில், அம்மாளின் கோபத்தை ஆற்றுகிற குளிர்த்தி நாளில் அம்மாளுக்குச் சாத்தின பட்டு. கோயிலில் பூசை செய்கிற கட்டாடியார் அதை அவர் கையில் கொடுத்து, அவருடைய சீலை முந்தானையில் ஒரு பிடி நெல்லும் முடிந்து, சொல்லி அனுப்பியிருக்கிறார்: “வண்டியில கட்டு புள்ள. இந்த வண்டி உழுத மண்ணில இந்த நெல்லப் போடு. போட்ட பிறகு அவுத்துக் கோயிலுக்குக் கொண்டு வா. அதுக்கு முதல் அவுக்காத.”

அந்தக் கட்டின் பேரில்தான் ஊர் முழுக்க விதைநெல்லை வீட்டுக்குள் வைத்துக் காத்திருந்தது.

றபீக் காக்கா சில்லிலிருந்து இறங்கினார். “பட்டில நான் கை வைக்க மாட்டன் அக்கா. அது உங்கட நேத்திக்கடன். ஆனா மூக்குத் திறக்காம இலக்கம் இறங்காது. நாளைக்கு வேன் வேற ஊரு. திரும்பி வர ஒரு மாசத்துக்கு மேல செல்லும்.”

ஒரு மாதத்துக்கு மேல். எல்லோரும் மேற்கே பார்த்தோம். முகில் வாவிக்கு மேலேயே வந்து நின்றது.

நானும் வாய் திறந்தேன். “அம்மாள் கோவிக்க மாட்டா அக்கா…” என்று தொடங்கினேன்.

“அம்மாளுக்காக நீங்க கதைக்காதீங்க” என்றார். அதற்குப் பிறகுதான் மேலே நான் எழுதின அந்தப் பேச்சு: அவுக்க மாட்டன் எண்டா அவுக்க மாட்டன்.

அவர் கண் பட்டில் இருந்தது, பிறகு முந்தானை முடிச்சில், பிறகு கலப்பையில், பிறகு எங்கள் கால்களுக்குக் கீழே.

“காக்கா, இந்தக் காணி ஆரிட?”

“வாடகைக்கு எடுத்த காணி அக்கா. சொந்தக்காரர் மாடு கட்டுறவர். ஏன்?”

“வேலியோரம் கொஞ்சம் கிண்டினா ஏசுவாரோ?”

றபீக் காக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு விளங்கிவிட்டது, எனக்கு விளங்க முன்னமே. “மாடு குளம்பு வைச்ச மண் அது. நீங்க உழுதா அதுக்கு மருவாதிதான். எல்லாரும் தள்ளி நில்லுங்க! அக்காக்கு வழி விடுங்க!”

பூமணியக்கா ஏறினார். கலப்பை இறங்கியது. மூக்குப் பொத்தின டிரக்டர், வானம் மறையக் கரி கக்கிக்கொண்டு, அந்த வேலியோரம் ஒரு கோடு உழுதது. திரும்பி வந்து பக்கத்தில் இன்னொரு கோடு. சனம் கரிக்கு ஒதுங்கி ஓடும், திரும்பப் பார்க்க ஓடிவரும். வாத்தியார் ஓடவேயில்லை; அவருக்கு இனிப் பழுதாக ஒன்றும் இல்லை.

அக்கா இறங்கினார். செருப்பைக் கழற்றினார். பட்டு கட்டினபடியே இருக்க, முந்தானை முடிச்சை மட்டும் பல்லால் அவிழ்த்து, நெல்லைக் கையில் ஏந்தி, உழுத மண்ணில் வீசினார். ஆரோ ஒருவர் “பொலியோ பொலி!” என்று கத்தினார். அது சூடடிக்கிற நேரத்தில் கத்துகிறது. விதைக்கிற நேரத்துக்கு இல்லை. ஒருவரும் பிழை பிடிக்கவில்லை. லொறிகள் கோன் அடித்தன.

காலால் மண்ணைத் தள்ளி நெல்லை மூடினார். பிறகு டிரக்டரில் ஏறிப் பட்டை அவிழ்த்தார். ஏழு சுற்றும், ஒரு நுனியும் நிலத்தில் படாமல். மடித்துத் தோளில் போட்டார். சீற்றில் இருந்து சீலையைச் சரிசெய்தார்.

“காக்கா, கம்பிய விடுங்க.”

மிதித்தார். உள்ளே காற்று இழுபடும் சத்தம் எனக்குக் கேட்டது. குழாய் ஒருமுறை கறுத்து, பழைய கரியைத் துப்பி, வெளுத்தது. இரண்டாவது மிதிப்பில் இலேசான சாம்பல். மூன்றாவதில் குழாய்க்கு மேலே வானம் சூட்டில் நடுங்கினதைத் தவிர வேறொன்றும் இல்லை.

“பாஸ்! சித்தி!” என்று கத்தினார் றபீக் காக்கா. அந்த மெல்லிய பேச்சுக்காரர் கத்தினதை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை. “சித்தி அக்கா, சித்தி! போதும்! கால எடுங்க!”

பூமணியக்கா காலை எடுக்கவில்லை. தோளில் பட்டோடு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, குழாய்க்கு மேலே ஒன்றுமில்லாததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, அடிமட்டும் மிதித்தபடியே இருந்தார்.